கினுயோ வழி

கினுயோவின் புகுந்த வீட்டில் யாராவது கடைக்குப் போய்த் திரும்பத் தாமதமானால், "என்ன, கினுயோ வழியா வந்தியா?" என்று கேட்பார்கள். கழிப்பறைக்குப் போய் நேரமானாலும் அதே கேள்விதான். புத்தாண்டு விருந்தில் யாருக்காவது மோச்சி என்கிற அரிசிக் கொழுக்கட்டை தொண்டையில் நின்று தாமதமாக இறங்கினால், அதுவும் கினுயோ வழியில் இறங்குகிறதாம். எட்டு வருஷமாக இந்தக் கேலி. கணவன் தொகுஜி ஆரம்பித்து வைத்தான், குடும்பமே பிடித்துக்கொண்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கினுயோவும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பாள். பிறகு அடுக்களைக்குப் போய்ப் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள்.

விஷயம் இதுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு லீப் வருஷத்தில், கினுயோவும் அவள் நாத்தனார், தொகுஜியின் அக்கா மசுயோவும் ஷிகோகு தீவின் எண்பத்தெட்டுக் கோயில்களையும் நடந்தே சுற்றினார்கள். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் துண்டு துண்டாக நடந்தார்கள். அதுவும் தலைகீழாக, எண்பத்தெட்டில் தொடங்கி ஒன்றை நோக்கி. இந்த யாத்திரைக்கே மூலவரான மகான் தைஷி சாமியைத் தேடி இருபது முறை சுற்றியும் காணாத ஒரு பணக்காரன், லீப் வருஷத்தில் எதிர்ப்பக்கமாகச் சுற்றியபோதுதான் அவரைக் கண்டான் என்பது கதை. அதனால் அந்த வருஷத்தில் எதிர்ப்பக்கமாகப் போனால் மூன்று மடங்கு புண்ணியம். மூன்று மடங்கு என்றால் மசுயோ விடுவாளா? முப்பது வருஷம் யாத்திரை பஸ்ஸில் மைக் பிடித்து வழிகாட்டியவள். ஓய்வு பெற்ற பிறகும் மைக் மட்டும்தான் கையில் இல்லை.

அறுபதாம் கோயிலுக்கு ஏறும் மலையடிவாரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். சுற்றிப் போகிற தார் ரோடு ஒன்று, காட்டுக்குள் ஏறும் ஒற்றையடிப் பாதை ஒன்று. அன்றைக்கு, "காட்டுப் பாதைல போலாம் அண்ணி, கிட்டக்க" என்று சொன்னவள் கினுயோ. காட்டுக்குள் எங்கோ வழி தப்பி, ஓடைக்குள் இறங்கி, மறுபடி ஏறி, கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து இருபது. கும்பிட்டதற்கு அடையாளமாக யாத்திரைப் புத்தகத்தில் முத்திரை போடும் ஜன்னல் ஐந்துக்கு அடைத்துவிடும். ஐந்து ஒன்றுக்குப் புத்தரே வந்து நின்றாலும் திறக்காது. மறுநாள் கினுயோவுக்கு வேலை. இரண்டு பேருடைய புத்தகத்திலும் எண்பத்தேழு பக்கம் சிவப்பு முத்திரையும் தூரிகை எழுத்துமாக நிறைந்தது. அறுபதாம் பக்கம் மட்டும் வெள்ளையாக நின்றுவிட்டது.

மறுவருஷமே நேர்ப்பக்கமாகப் போய் வாங்கிவிடலாம் என்றாள் கினுயோ. மசுயோ ஒப்பவில்லை. "தலைகீழாப் போய் விட்டதைத் தலைகீழாப் போய்த்தான் எடுக்கணும்" என்றாள். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அடுத்த லீப் வருஷத்தில் நோய் வந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. இன்னும் நாலு வருஷம் காத்து, இதோ, இப்போது மார்ச் கடைசியில் இரண்டு பேரும் மறுபடி வெள்ளை அங்கி, கோரைத் தொப்பி, மணி கட்டிய கோல் சகிதம் கிளம்பியிருக்கிறார்கள். இந்த ஒரு பக்கத்துக்காக. சாயங்காலம் கோயிலுக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் தொகுஜி வந்து காத்திருப்பதாக ஏற்பாடு.

ஒன்று சொல்லியாக வேண்டும். கினுயோ பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். நானூறு பிள்ளைகளுக்கான மீசோ சூப்பு பன்னிரண்டு பத்துக்கு வகுப்பு வாசலில் சூடாக இருக்க வேண்டும். இருபத்தொரு வருஷத்தில் ஒருநாள்கூட அது பன்னிரண்டு பதினொன்று ஆனதில்லை. அவளைப் போய்த் தாமதக்காரி என்று சொன்னால் எப்படி இருக்கும்? மற்ற கேலி எதுவும் அவளுக்கு உறைக்காது. இது உறைத்தது.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. நடுவில் ஒரு வீட்டுக்காரி வழிமறித்து, யாத்திரைக்காரர்களுக்கு என்று பயறு உருண்டையும் தேநீரும் வைத்தாள். அப்படிக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சாமிக்கே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. குடித்துவிட்டு எழுந்திருந்தால் பத்து நிமிஷம். மசுயோ தன் முப்பது வருஷ பஸ் அனுபவத்தை அவிழ்த்தாள். ஒரு மணி நேரம் போனது.

மலையடிவாரத்துப் பாலத்துக்கு வந்தபோது மணி ஒன்றே கால்.

"ரோடுலதான் போறோம்" என்றாள் மசுயோ, கேட்காமலே.

"ரோடு பன்னெண்டு கிலோமீட்டர் அண்ணி. காட்டுப் பாதை ஆறு."

"ஆறு கிலோமீட்டர்தான். போன தடவையும் ஆறுதான். அஞ்சு இருபதுக்குப் போய் நின்னோமே, ஞாபகம் இருக்கா?"

பாலத்தின் மேல் கோலை ஊன்றக் கூடாது. கீழே தைஷி சாமி தூங்குவார். இரண்டு பேரும் கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். சாமி தூங்கும்போது சத்தம் போடலாமா? அதனால் பாலம் முழுக்கக் கிசுகிசுத்தே சண்டை போட்டார்கள்.

"அன்னைக்குத் தப்பு பாதையில இல்ல அண்ணி."

"பின்ன யார் மேல? என் மேலயா?"

"எங்கயோ ஒரு திருப்பத்தை விட்டுட்டோம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானாம்! அவ்வளவுல எட்டு வருஷம் போச்சுடி!"

பாலம் முடிந்து மண்ணில் கால் வைத்ததும் இரண்டு குரலும் ஒரே நேரத்தில் ஏறின.

"இன்னைக்கும் உன் பேச்சைக் கேட்டு முத்திரையை விட்டேன்னா நான் மனுஷியே இல்ல" என்றாள் மசுயோ. "எனக்கு அறுபத்தஞ்சு ஆகுது. அடுத்த லீப் வருஷத்துக்கு என் முட்டி ஒத்துக்குமா?"

"அதனாலதான் சொல்றேன். ரோடுல போனா உங்க முட்டிக்கு அஞ்சு மணியைத் தாண்டிடும்."

"என் முட்டியைப் பத்தி நீ பேசாதே."

"நீங்கதானே எடுத்தீங்க!"

மசுயோ இடது பக்கம் தார் ரோட்டில் திரும்பினாள். வழக்கமாக என்றால் கினுயோ முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போயிருப்பாள். முன்னால் மசுயோவின் மணி, பின்னால் கினுயோவின் மணி. எண்பத்தேழு கோயிலும் அப்படித்தான். இன்று அவள் கால் வலப் பக்கம் திரும்பியது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எங்கடி போற?"

"கோயிலுக்கு அண்ணி. அங்க பாக்கலாம்."

"தொலைஞ்சு போனா தேடி வரமாட்டேன்!"

"வேண்டாம். ஜன்னல்கிட்ட நில்லுங்க, போதும்."

இரண்டு மணிச் சத்தமும் இரண்டு பக்கம் பிரிந்தன. சிறிது தூரத்தில் ஒன்று கேட்காமல் போனது.

தேவதாரு மரங்கள் நெருங்கி நின்ற காடு. ஏற்றம் மூச்சு வாங்கியது. தனியாக நடப்பது இதுதான் முதல் தடவை. ஆனால் யாத்திரைக்காரர் தொப்பியில் "இருவர் ஒன்றாக" என்று எழுதியிருக்கும். கூட வருவது தைஷி சாமி. "சாமி, நீங்களாவது முன்னால போய் முந்திக்காம பக்கத்துல வாங்க" என்று உரக்கவே சொல்லிக்கொண்டு ஏறினாள்.

முக்கால் மணி நேரம் ஏறியபின் தண்ணீர் எடுக்கப் பையைத் திறந்தாள். உள்ளே, ஈரம் படாமல் துணியில் சுற்றி, முத்திரைப் புத்தகம் இருந்தது. ஒன்று அல்ல, இரண்டு.

கினுயோ அப்படியே ஒரு வேரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். எப்போதும் இளையவள்தான் இரண்டு புத்தகத்தையும் சுமப்பாள். சண்டையில் இரண்டு பேருக்கும் அது மறந்துபோயிற்று. மசுயோ நாலு மணிக்கே போய்ச் சேர்ந்தாலும் கையில் புத்தகம் இல்லாமல் என்ன செய்வாள்? இப்போது கினுயோ தாமதமானால் போவது ஒரு பக்கம் அல்ல, இரண்டு பக்கம். புத்தாண்டு விருந்தில் இதை எப்படியெல்லாம் சொல்வார்கள்! போனை எடுத்துப் பார்த்தாள். காட்டுக்குள் சிக்னல் இல்லை. திரும்பி ஓடிப் பிடிக்கவும் முடியாது.

"ஆச்சு. இனி நீதான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

எட்டு வருஷமாகச் சூப்பு அண்டா கழுவும்போதெல்லாம் அவள் யோசித்தது ஒன்றே ஒன்று. பாதை சரி, பின்னே எங்கே தப்பினோம்? யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். யாத்திரை வழியில் இருக்கும் கல், பலகை, மரக்கிளையில் கட்டிய சிவப்புத் துணி எல்லாம் ஒன்றாம் கோயிலிலிருந்து நேராக வருகிறவனின் கண்ணுக்குப் படும்படி வைத்தவை. எதிர்ப்பக்கமாக வருகிறவனுக்கு எல்லாம் முதுகைத்தான் காட்டும். மூன்று மடங்கு புண்ணியம் சும்மா வருமா? ஆகவே இந்தத் தடவை ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். பாதை பிரிகிற மாதிரி எங்கே தெரிந்தாலும், ஒவ்வொரு கிளையிலும் பத்தடி உள்ளே போய், திரும்பி நின்று, வந்த பக்கத்தைப் பார்ப்பது. நேராக வருகிறவன் என்ன பார்ப்பானோ அதைப் பார்ப்பது. நேரம் பிடித்தது. ஆனால் சமையலில் உப்பு பார்க்காமல் அண்டாவை அனுப்பிப் பழக்கமில்லை அவளுக்கு.

முதல் பிரிவில் சிவப்புத் துணி கிடைத்தது. இரண்டாவதில் பலகை. மூன்றாவது இடத்துக்கு வந்ததும் நின்றாள். இந்த இடம் தெரியும். அகலமான வழி நேராக, இதமாக இறங்கிப் போகிறது, வா வா என்கிறது. மரம் வெட்டுகிறவர்கள் போட்ட பாதை. அன்றைக்கு இதில்தான் போனோம். கொஞ்ச தூரத்தில் ஓடை.

இடது பக்கம் ஒரு கமேலியாப் புதர், சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஏதோ சந்து மாதிரி தெரிந்தது. கினுயோ புதரை ஒதுக்கிக்கொண்டு நுழைந்து, பத்தடி ஏறி, திரும்பிப் பார்த்தாள்.

முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். பாசி ஏறியிருந்தது. அதில் சட்டைக் கையோடு செதுக்கிய ஒரு கை விரல் நீட்டி, அவள் வந்த பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. நூற்றைம்பது வருஷமாவது இருக்கும் அந்தக் கல்லுக்கு. அன்றைக்கும் இங்கேதான் இருந்திருக்கிறது, முதுகைக் காட்டிக்கொண்டு.

அன்றைக்கு யார் முன்னால் போனது? கினுயோவுக்குக் காதிலேயே கேட்டது. மசுயோவின் மணி முன்னால். மசுயோவின் பேச்சு முன்னால். தேநீர்க் கடைக்காரன் ஒருவனைப் பற்றி ஏதோ கதை சொல்லிக்கொண்டே, புதரைத் திரும்பிப் பாராமல், அகல வழியில் இறங்கியது மசுயோ. பின்னால் தலையாட்டிக்கொண்டே போனது கினுயோ. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது நாத்தனார் விஷயத்திலும் சரியாகத்தான் இருக்கிறது.

"நான் சொன்ன வழி சரி!" என்று கத்தினாள். காட்டில் யாரும் இல்லை. இன்னொரு தடவை கத்தினாள். "சரிதான் சரிதான்!" ஒரு பறவை மட்டும் பயந்து பறந்தது. கினுயோ அழுதுகொண்டே சிரித்தாள். கல்லின் தலையில் கை வைத்து ஒரு கும்பிடு போட்டாள்.

ஆனால் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? மணி மூன்று நாற்பது. நடந்த கணக்கில் இன்னும் இரண்டு கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று ஏறினாள். வழியில் போன வருஷப் புயலில் சாய்ந்த ஒரு பெரிய மரம் குறுக்கே கிடந்தது. மேலே ஏற முடியாது. பையை முதலில் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, வயிற்றால் ஊர்ந்து கீழே நுழைந்தாள். ஐம்பத்தேழு வயதில் வெள்ளை அங்கியில் முன்பக்கம் முழுக்கச் சேறு. யார் பார்க்கிறார்கள்? கோலும் தொப்பியும் இருந்தன, புத்தகம் இரண்டும் காய்ந்திருந்தன. கடைசிப் படிகள் வந்தன. எண்ணாமல் ஏறினாள்.

கோயில் வாசலில் மணி நாலு நாற்பத்திநாலு. ஜன்னல் திறந்திருந்தது. அங்கே மசுயோ இல்லை.

ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் சேற்றையும் முகத்தையும் பார்த்து இரங்கினாள். "நேரமாச்சும்மா. முதல்ல முத்திரை வாங்கிக்குங்க, அப்புறம் கும்பிட்டுக்கலாம்."

கினுயோவின் கை பைக்குள் போய்விட்டது. அப்புறம் நின்றது. சாமி கும்பிடாமல் முத்திரை வாங்குவது தபால் ஆபீஸில் ஸ்டாம்பு வாங்குவது மாதிரி என்பாள் மசுயோ. கேட்டுக் கேட்டுக் காது புளித்த வசனம். ஆனால் இந்தப் பக்கத்தில் நாளைக்கு யாரும் ஒரு குறை சொல்லக் கூடாது.

"கும்பிட்டுட்டு வந்துடறேன். மூடிடாதீங்க."

"அஞ்சு மணி வரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேன்."

மூல மண்டபத்தில் ஒரு ஊதுபத்தி, ஒரு மெழுகுவத்தி, இருதய சூத்திரம். அதையே தைஷி சாமி மண்டபத்திலும். மூச்சு வாங்கிக்கொண்டே ஓதினாலும் ஒரு எழுத்தை விழுங்கவில்லை. முதலில் மசுயோ பெயரைச் சொல்லி வேண்டினாள், அப்புறம் தன் பெயரை. எதற்கு அவளுக்கு முதலில்? பழக்கம். சூப்பு பரிமாறும்போதும் கோபக்காரப் பிள்ளைக்குத்தான் முதலில் ஊற்றுவாள்.

நாலு ஐம்பத்தைந்துக்கு இரண்டு புத்தகத்தையும் ஜன்னலில் வைத்தாள்.

"இது யாரோடது?"

"என் நாத்தனாரோடது. நடந்து வந்துட்டிருக்காங்க. அவங்களுக்கும் சேர்த்து ஓதிட்டேன்."

அந்தப் பெண் அறுபதாம் பக்கத்தைத் திறந்தாள். முன்னும் பின்னும் எல்லாம் நிறைந்து, இது மட்டும் வெறுமையாக. தேதிகளைப் பார்த்தாள். "எட்டு வருஷமா?" என்றாள்.

"எட்டு வருஷம். இருபது நிமிஷத்துல போச்சு."

அந்தப் பெண் பக்கத்தை நீவிவிட்டாள். தூரிகையை மையில் தோய்த்து, அவசரப்படாமல் எழுதினாள். மூன்று சிவப்பு முத்திரைகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். இரண்டாவது புத்தகத்துக்கும் அப்படியே. மை ஒட்டாமல் இருக்கத் தாள் வைத்து மூடிக் கொடுத்தபோது கடிகாரம் நாலு ஐம்பத்தொன்பது. கினுயோ இரண்டு புத்தகத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஜன்னல் கதவு இழுபட்டு மூடியது. அந்தச் சத்தம் அவளுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

ஐந்து பன்னிரண்டுக்கு ஒரு மணிச் சத்தம், மெதுவாக. மசுயோ வந்தாள். முகம் சிவந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு, முதுகில் ஒரு பெரிய வலைப்பையில் ஆரஞ்சுப் பழங்களோடு.

"இது என்ன அண்ணி?"

"கேக்காதே. ஒரு தோட்டக்காரன் லாரியை நிறுத்தி ஏறிக்கச் சொன்னான். நடந்துதான் போவேன்னேன். அப்ப இதையாவது வாங்கிக்கணும்னு நீட்டிட்டான். வண்டியை வேண்டாம்னு சொல்லலாம், பழத்தையும் எப்படிடி வேண்டாம்ங்கறது? அஞ்சு கிலோ!" பையை இறக்கினாள். மூடிய ஜன்னலைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "ஏறியிருந்தா நாலு மணிக்கே வந்திருப்பேன். பாதி வழியிலதான் ஞாபகம் வந்துது, புத்தகம் உன்கிட்டன்னு. கிடைச்சுதா?"

கினுயோ மசுயோவின் புத்தகத்தைத் திறந்து காட்டினாள்.

மசுயோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். எழுத்தைத் தொடப் போன விரலை, மை கலைந்துவிடும் என்று பின்னுக்கு இழுத்தாள்.

"கும்பிட்டுட்டு வாங்கினியா?"

"கும்பிட்டுட்டுத்தான். ரெண்டு மண்டபத்துலயும். உங்க பேர் முதல்ல."

"எங்கடி தப்பினோம் அன்னைக்கு? பாத்தியா?"

கமேலியாப் புதர், கல், நீட்டிய விரல் எல்லாவற்றையும் கினுயோ சொன்னாள். பிறகு, காட்டில் நினைவுக்கு வந்ததைக் கேட்டாள். "அன்னைக்கு முன்னால போனது யார் அண்ணி?"

மசுயோ குனிந்து பழப் பையின் முடிச்சை இறுக்கினாள்.

"நான்தான்" என்றாள். "கதை சொல்லிட்டே போனேன்."

தாமதமானாலும் அவளும் இரண்டு மண்டபத்திலும் கும்பிட்டு வந்தாள். பிறகு இரண்டு பேரும் ஆரஞ்சுப் பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். கார்க் கதவில் சாய்ந்து நின்ற தொகுஜி மனைவியின் சேற்றைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கவே இல்லை.

"என்ன கினுயோ, நேரமாச்சே! மறுபடியும் கினுயோ வழியா?"

"ஆமாடா" என்றாள் மசுயோ. கூட்டத்தை ஒரே அதட்டலில் பஸ்ஸில் ஏற்றிய அந்தப் பழைய குரல். "கினுயோ வழிதான். அந்த வழியில வந்தவ நேரத்துக்கு வந்து, எனக்கும் சேர்த்து முத்திரை வாங்கி வெச்சிருக்கா. அக்கா வழியில வந்த நான் ஜன்னல் மூடினப்புறம் வந்தேன். போன தடவை வழி தப்பினதும் இவ இல்ல, நான். இதை வீட்ல எல்லார்கிட்டயும் நீயே சொல்லு. புத்தாண்டு வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்னைக்கே சொல்லு."

தொகுஜி அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பழங்களை டிக்கியில் வைத்தான்.

மலை இறங்கி வரும்போது ரோடு இரண்டாகப் பிரிந்தது. காரில் இருந்த மெஷின் இடது பக்கம் என்றது. தொகுஜி இடப் பக்கம் ஒடித்தான்.

"நிறுத்துடா" என்றாள் பின் சீட்டிலிருந்து மசுயோ. "எந்தப் பக்கம்னு உன் பொண்டாட்டியைக் கேளு."

கினுயோவின் வாய் நிறைய ஆரஞ்சுச் சுளை. மென்று விழுங்கி முடிக்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"வலது" என்றாள்.

கார் வலப் பக்கம் திரும்பியது. அந்த வழி பதினைந்து நிமிஷம் கூடுதல். வீடு வரைக்கும் யாரும் அதைக் கினுயோ வழி என்று சொல்லவில்லை.